சட்டை போட்டவர்களெல்லாம் வெளியே

தாடிக்கொம்பு,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் முகேஷ்குமாருக்கு அம்மா சிவனம்மாள் சொல்லச் சொல்லத் தங்கச்சி தமிழ்மதி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடு கன்று சுகம், சோளத்துக்குத்தான் சுகமில்லை. நீ அந்த வயநாட்டுக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க நம் பெருமாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் போட்டால் ‘ஷாட்ல இருக்கேம்மா’ என்று வைத்துவிடுகிறாய், நான் பேசி அனுப்புவதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம், மதிதான் சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாதல்லவா. (அண்ணே, மதி நான். அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன், வாய் சும்மா இருக்காத இடத்தில் மட்டும் இப்படி அடைப்புக்குறிக்குள் வருவேன்.) ஒட்டன்சத்திரத்திலிருந்து உன் பக்கம் முருங்கைக்காய் ஏற்றிப் போகிற லாரிக்கார சௌகத் அலி இதைக் கையில் தருவார், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

சங்கதி என்னவென்றால் நம் சோளக்காடு இன்னும் அறுக்காமல் நிற்கிறது. நம் காட்டில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது உன் டைரக்டர், சாயங்கால வெயிலில் பொன்னாய் மின்னுகிற கதிர் வேண்டும், இன்னொரு தடவை வந்து எடுப்போம், அதுவரை கை வைக்காதீர்கள் என்றார். நீ தலையாட்டினாய், மகன் வாக்கு என்று அப்பாவும் தலையாட்டினார். களத்துக்கு வரவேண்டியது கலருக்காக நின்றது. அப்புறம் நீயே சொன்னாய், அவர்கள் வரவில்லை, கம்ப்யூட்டரிலேயே கதிரை வளர்த்துக்கொள்வார்கள் என்று. (அந்தக் கம்ப்யூட்டர் சோளத்தில் ரெண்டு கட்டு மாட்டுக்கும் அனுப்பு அண்ணே.) சரி, அறுப்போம் என்றால் ஆள் வரவில்லை. தெற்கே மேகம் கட்டி நிற்கிறது, முற்றின கதிரில் ஒரு மழை விழுந்தால் கறுத்து முளைத்துப்போகும். மிஷினை இறக்கினால் தட்டை மிதிபட்டுப் போகும், வருஷம் முழுக்க மாட்டுக்கு என்னத்தைப் போடுவது.

வருஷா வருஷம் நம் காட்டை அறுத்துக் கொடுப்பது ராமுத்தாயும் அவள் கூட்டத்துப் பெண்களும்தானே. வழக்கப்படி வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அதைக் கையில் வாங்கிவிட்டால் மறுநாள் எல்லாரும் காட்டில் நிற்பார்கள். உட்காரச் சொன்னாள், காப்பி போட்டுக் கொடுத்தாள், வெற்றிலையை மட்டும் தொடவில்லை. ‘ஏத்தா, நீ எதுக்கு வந்த? வெளிய போகச் சொன்னது ஒம் மகன். சொன்ன வாயி வந்து உள்ள கூப்புடட்டும், அருவாளத் தீட்டிக்கிட்டு வாரோம்’ என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, படம் எடுத்த அன்று நான் வீட்டில் உங்கள் ஆட்களுக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே சொன்னாள். கதிர் அறுக்கிற மாதிரி நடிக்க வாருங்கள் என்று கூப்பிட்டீர்களாம். சோளத்துச் சுணை அரிக்குமே என்று எப்போதும்போல் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்களாம். அந்தக் காலத்துக் கதையில் சட்டை கூடாது என்று நீ மைக்கில் ‘சட்டை போட்டவங்கல்லாம் வெளிய போங்க’ என்றாயாம். கழற்றி வைக்கிறோம் என்று இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கறுப்பு மை பூசின பெண்பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கிவிட்டார்களாம். இவர்கள் பொழுது சாயும்வரை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று, தாங்கள் களை பறித்த காட்டை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ‘அந்தக் கதாநாயகிப் புள்ள அருவாளப் புடிச்சது, சீப்பப் புடிச்சது மாதிரி’ என்று ராமுத்தாய் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அப்பு, அவள் அன்றைக்குப் போட்டிருந்தது உன் சட்டை. காலேஜ் முடித்ததும் நீ கழித்துக் கொடுத்த நீலக்கட்டம். அந்தச் சட்டையோடு அவள் அறுக்கிறதை நீ எடுத்த படத்தைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு மேலே இருக்கிற டைரக்டர் சொன்னார், அதை மைக்கில் சொல்வது உன் வேலை, எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வெற்றிலையைத் தொடவில்லை.

உங்கள் கதையில் அந்தப் பெண்ணும் வண்டிக்காரனும் கதிருக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடியே நிற்கிறதை நீ போனில் காட்டினாய், கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. உன் அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் இதே காட்டுக்குக் கூலிக்கு வந்தபோது, என் வரிசையில் பாதியை விடியுமுன்னே அறுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அதைக் கண்டுபிடித்து எங்கள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்தவள் ராமுத்தாய்தான். (எனக்கே இது புதுச் செய்தி. நம் அப்பா காமராஜுக்குள்ளும் ஒரு படம் ஓடியிருக்கிறது அண்ணே!) இப்போது அவர் தனியாக அறுக்கிறார், நான் அவர் வரிசையில் பாதியை அறுக்கிறேன். இரண்டு பேரால் அந்தக் காடு தீருமா? சாப்பாட்டில் கை வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். எழுதாதே, பையன் பொழப்பக் கெடுக்காதே என்கிறார். கேட்காமல் எழுதுகிறேன்.

டைரக்டரிடம் ஒரு நாள் லீவு கேள். சௌகத் அலி வண்டி காலியாகத்தான் திரும்பும், ஏறி வந்துவிடு. வசனமெல்லாம் வேண்டாம். ராமுத்தாய் வாசலில் நின்று வெற்றிலையை அவள் கையில் கொடுத்து, காட்டுக்கு வாங்கத்தா என்று மைக் இல்லாமல் சொல், போதும். வேளைக்குச் சாப்பிடு, பச்சைத் தண்ணீர் குடிக்காதே, உனக்கு எல்லா நல்லதும் கூடிவரும். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிப் பானை மேல் வைத்திருக்கிறேன். வாடினால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மேகத்தைச் சுற்றி வைக்கத்தான் என்னிடம் துணி இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சிவனம்மாள்

(அண்ணே, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நேற்று அப்பா அறுத்துக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன். அம்மாவிடம் காலில் முள் என்று சொல்லிவிட்டார். இதில் கேலி ஒன்றும் இல்லை, வந்துவிடு. கடைசி வரியில் மை கலைந்திருக்கிறதே, நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தூறல்.)