புறவாசலைத் திறந்துவைத்த அண்ணனுக்கு

ஹேவ்லாக்
அந்தமான், 12.02.2024

அன்புள்ள ஜஸ்டின் அண்ணனுக்கு,

மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ரிசார்ட் கம்ப்யூட்டருக்குள் எவனோ வெளியிலிருந்து புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டான். சீசன் நேரத்தில் ஒரு புக்கிங்கும் திறக்கவில்லை. முதலாளி நாகலிங்கம், "பாஸ்வேர்டை எவன்கிட்டம்மா குடுத்தே? சச் போலோ, உண்மையைச் சொல்லு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அடுத்த மாதத்தோடு என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

போர்ட் பிளேரிலிருந்து வந்து பார்த்த கம்ப்யூட்டர்காரப் பெண் ப்ரியங்கா, அந்தத் திருடன் ரிமோட் சர்வீஸ் வழியாக வந்திருக்கிறான் என்கிறாள். சென்னையிலிருந்தே ரிப்பேர் பார்க்கலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன் நீ போட்டுவைத்தது! ஒருநாளாவது அதைத் தொட்டாயா? போட்டது யார் என்று நான் இன்னும் வாய் திறக்கவில்லை. முதலாளிக்கு நீயே எழுது.

உன் தங்கை,
சுபிதா

சென்னை
26.02.2024

பாசமுள்ள சுபி,

அண்ணன்மேல் இவ்வளவு கோபமா? பயன்படுத்தாத சர்வீஸ் என்ன செய்யும்? அதுபாட்டுக்கு மூலையில் கிடக்கும். அங்கே ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நெட்டில் எந்தத் திருடன் வருவான்? நீதான் கண்ட லிங்கையும் தொட்டிருப்பாய்.

நான் எழுதிக்கொடுத்தால் என் கம்பெனியில் பெயர் கெடும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீயே சொல்லிவிடேன். ரிசப்ஷன் வேலைதானே, போர்ட் பிளேரில் லம்பா லைன் பக்கம் வேறு கிடைக்கும்.

யாராவது கப்பலில் வந்தால் கருவாடு கொடுத்தனுப்பு.

அண்ணன்,
ஜஸ்டின்

ஹேவ்லாக்
09.03.2024

அண்ணனுக்கு,

ரிசப்ஷன் வேலைதானே! அந்த வரியைப் படித்த அன்றே முதலாளியிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். வந்தவன் "ஜஸ்டின்" என்ற பெயரில்தான் நுழைந்தான் என்று ப்ரியங்காவும் காட்டினாள். என் வேலை பிழைத்தது.

நீ சொல்வது பழைய நெட். கடலுக்கடியில் கேபிள் வந்து வருஷக்கணக்காகிறது; நமக்கு வந்த வேகம் திருடனுக்கும் வந்தது. நீ பயன்படுத்தாததால்தான் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்வேர்டு உன் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அன்று சிரித்துக்கொண்டே சொன்னாய். வெட்கமாக இல்லை?

வேண்டாததையெல்லாம் ப்ரியங்கா நிறுத்தினாள். "ஜஸ்டின்னு ஒரு அக்கவுண்ட் இருக்குக்கா. ரக்னா ஹை க்யா, வச்சிருக்கணுமா?" என்று கேட்டாள். எடுத்துவிடச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

கருவாடு வராது. வேண்டுமானால் நீ கப்பலேறி வா. நேரே நாகலிங்கத்திடம் போய், "நான்தான் போட்டேன், என் தங்கச்சி மேல தப்பில்ல" என்று சொல். அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டு. திறக்கிறேன்.

சுபிதா