தண்ணீர் நின்று ரசித்த மண்டபம்

மழை தவறாது பெய்க, ஏர் நடக்க, வாய் திறந்து பேசுவோர் நெடுநாள் வாழ்க.

ஏழு கோட்டைகளுக்கு உரியவரும், பகைவர் அனைவரையும் அடக்கியவரும், தம் குதிரையை மட்டும் இன்னும் அடக்க இயலாதவருமான தாழைநாட்டு வேந்தர் நெடுஞ்சேந்தர், தேன்வரை நாட்டில் தங்கியிருக்கும் வசைகவிப் புலவர் குவளைநங்கையார்க்கு எழுதும் ஓலை. உமக்கு இடமளித்த அந்நாட்டின் மலைகளும் மக்களும் நலம் பெறுக.

முடிசூட்டு நாள்தோறும் புலவர் ஒருவர் அரசனை அவை நடுவே வசைபாடுவது எம் குலத்து மரபு. பல்லாண்டு அப்பணி செய்த உமக்குச் சென்ற ஆண்டு பொன்னாடை போர்த்தி ஓய்வளித்தோம். அது ஓய்வன்று, விரட்டல் என்பதை நீவிர் அறிவீர். யாம்தான் அறியாதவர்போல் கைகூப்பி நின்றோம். உம் இடத்தில், கடல் வணிகர் கொணர்ந்த கவிபாடும் பொறியை அமர்த்தினோம். உம் வசைகள் உட்பட நாட்டிலுள்ள பாட்டோலை அனைத்தையும் கற்றுத் தேர்ந்த பொறி அது.

பாடுமுன், எவ்வகை வசை எமக்கு உவப்பளிக்கும் என்று அது பணிவோடு வினவியது. அப்போதே எமக்கு உறைத்திருக்க வேண்டும். மென்மையான வசையே போதும் என்றோம். எம் புதிய கலைமண்டபத்தின் அழகைக் கண்டு வாய்க்கால் நீரும் மேற்செல்ல மனமின்றி நின்றுவிட்டதென்றும், அத்துணை அழகாகக் கட்டியதே எம் பெருங்குற்றம் என்றும் பொறி பாடியது. சொல்லில் பிழையில்லை, சந்தத்தில் இடறலில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, அப்பாட்டை நாடெங்கும் பாடச் செய்தோம். வாய்க்கால் ஏன் நின்றது என்று கேட்கும் அறிவு எமக்கும் இல்லை, எம் அவைக்கும் இல்லை.

மழைக்காலத்தில், வாழ்த்துப் பெறும் ஆசையால், அவ்வாய்க்கால் கரையிலுள்ள முல்லைப்பாடி என்னும் ஊருக்கு எழுந்தருளினோம். பல்லக்குத் தூக்கிகள் இடுப்பளவு நீரில் நின்றனர். எம் மண்டபம் வாய்க்காலை மறித்ததால் ஊரே மூழ்கியிருந்தது. மாசாத்தி என்னும் உழத்தி எம்மை வணங்கி, வாய்க்கால் மட்டுமன்று, தன் உலைப்பானையும் மண்டபத்தின் அழகைக் காணவே மிதந்து போயிற்று என்றும், பானை திரும்பி வந்தால் மன்னருக்கும் சோறிடுவதாகவும் சொன்னாள். வெட்கத்தால் எம் முகம் எரிந்தது. அவளையே வசைகவியாக அமர்த்த விழைந்தோம். அழுகிய நாற்றைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும், அரசனைத் திட்ட நேரமில்லை என்று மறுத்துவிட்டாள்.

பொறியை யாம் தண்டிக்கவில்லை. யாம் கேட்டதையே அது கொடுத்தது. நனைவதற்கு அதற்கு வீடும் இல்லை, வெகுள்வதற்கு நெஞ்சும் இல்லை. நீவிர் பாடுகையில் சினம் மிகுந்த இடத்தில் சந்தம் இடறும். எங்கோ ஓர் ஊர் துன்புறுகிறது என்று அவ்விடறலைக் கேட்டே யாம் அறிந்துவந்தோம். எம்மை யாமே வசைபாடவும் முயன்றோம். எட்டு அடி எழுதினோம். ஏழில் எம் வீரம் புகுந்துவிட்டது, எட்டாம் அடியில் எம் அடக்கத்தைப் புகழ்ந்திருந்தோம்.

ஆகவே, வாய்க்காலை மறித்த மண்டபத்தை இடிக்கப் பணித்தோம். வரும் முடிசூட்டு நாளில் நீவிர் அவையேறி அஞ்சாது பாட வேண்டும் என்று வேண்டியும் ஆணையிட்டும் எழுதுகிறோம். உம்மீது கை வைப்பவன் எம் பகைவன்.

தாழம்பூ முத்திரை இட்டோம். இடுமுன் இவ்வோலையை அவையில் படித்துக் காட்டினோம். தன்னையே இத்துணை அழகாக இடித்துரைத்த மன்னன் உலகில் பிறந்ததில்லை என்று அமைச்சர் அனைவரும் எழுந்து நின்று வாழ்த்தினர். எமக்கும் அது இனிக்கவே செய்தது. விரைந்து வருக.