வானதி இல்லாத கச்சேரி

அன்பு மகள் வானதிக்கு அப்பா பஞ்சநதம் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஷம்சாத் டீச்சர் எழுதுவது. இங்கே நான் சுகம், மாடு சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்கணும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து சம்பா நடவு ஆகிவிட்டது, பள்ளத்து வயலில்தான் கொஞ்சம் நாற்று அழுகல்.

உங்கள் ஜாஸ் ஃபியூஷன் கோஷ்டி தஞ்சாவூர் வந்த கச்சேரிக்குப் போய்வந்தேன். நீயும் அவர்களோடு வாசிக்க வருவதாக இருந்து, அங்கே வேறு வேலை வந்துவிட்டது என்றாய், நானும் சரி என்றேன். நீ அனுப்பிய டிக்கெட் வீணாக வேண்டாமென்று டீச்சரையும் கூட்டிக்கொண்டு நீடாமங்கலத்தில் பஸ் ஏறினேன். முன்வரிசை, ஏசி எலும்புக்குள் போனது. முதலில் சத்தம் நெஞ்சில் இடித்தது, தாளம் போட்டுப் பார்த்தேன், ஏழு என்று பிடித்தால் அடுத்த சுற்றில் நழுவுகிறது, அப்புறம் கையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. உன் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று சாக்ஸபோன் வாசித்தது, உன் உயரம்தான். நீ மூணாவது படிக்கையில் மன்னார்குடி தெப்பத்தன்று என் தோளில் உட்கார்ந்து நாயனக்காரர் கன்னம் உப்புவதையே பார்த்தாய், பச்சைப் பாவாடை, இடது கால் கொலுசைக் கூட்டத்தில் தொலைத்தாய், அதெல்லாம் வந்து போயிற்று.

நடுவில் மற்றவர்கள் வாத்தியத்தை இறக்கிவிட டிரம்ஸ்காரர் மட்டும் தனியாக வாசித்தார். நம்ம கோயில் வீதியில் தவில் தனி நடக்கும்போதுதானே நாயனக்காரருக்குத் துண்டு போர்த்துவோம், அந்த நினைப்பில் உனக்கென்று வாங்கிய பட்டுத் துண்டோடு மேடை ஏறிவிட்டேன். அண்ணே, இது கோயில் இல்லண்ணே, உட்காருங்க என்று டீச்சர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. காவலுக்கு நின்றவன் குறுக்கே வந்தான், பின்னால் ஒரே சிரிப்பு. அந்தப் பெண்தான் அவனை விலகச் சொல்லி என் முன்னால் வந்து தலை குனிந்தது. போர்த்தினேன். துண்டோடேயே மீதிக் கச்சேரியையும் வாசித்தது, சபையே கைதட்டியது. யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் எப்படி இருந்தது என்று கேட்க ஆளில்லை. உன் அம்மா போய் இது மூணாவது சம்பா. காலையில் பால் கறக்கும்போது மாட்டிடம் கச்சேரியைச் சொன்னேன். இதை எழுத வேண்டாம் என்றேன், டீச்சர் எழுதிவிட்டாள்.

வரட்டுமாப்பா, வேண்டாமா என்று நீ போனில் கேட்டாய். உன் குரல் கேட்டால் எனக்கென்ன குறை, வேலையைப் பாரும்மா என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதாசி. நீ வரணும் வானதி. தை அறுவடைக்கு வா.

அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, டிக்கெட் எடுத்த பிறகு எனக்குப் போன் பண்ணு. அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நீ காதில் வாங்காதே.

இப்படிக்கு உன் அப்பா
பஞ்சநதம், கைநாட்டு