துண்டு போட்ட நாற்காலிகள்

அம்மா, உன் ஆசீர்வாதம் வேண்டும். இருமல் குறைந்ததா? நம் மலையூர் கொன்ஸ்தான்சாவில் குளிர் எப்படி? நான் நலம். ஹோட்டலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இங்கே விருந்தாளிகள் விடியுமுன்பே கடற்கரை நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை; துண்டை நகர்த்தினால் என்னோடு சண்டைதான். நேற்று விடியலில் நாற்காலிகளுக்கு நடுவே மேசை அகலத்துக்கு ஓர் ஆமை ஏறிவந்து, முட்டையிடக் குழி தோண்டியது. தினமும் என்னோடு மல்லுக்கட்டும் கனடாக்காரர் தன் துண்டைத் தானே எடுத்தார்.

"சத்தம் போடாதீங்க, அவ வேலைய அவ பாக்கட்டும்" என்றார்.

எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கி வழிவிட்டார்கள். அது கடலுக்குத் திரும்பும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

மேலாளர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன். ஓர் உதவி அம்மா, என் கட்டிலில் ஒரு துண்டு போட்டு வை. தங்கை கேட்டால், அக்கா யனெலிஸ் இடம் பிடித்திருக்கிறாள் என்று சொல்.