கண்ணாடிக்குள் இருந்த கை

புதுக் கண்ணாடியைச் சுற்றிப் போட்ட சிலிக்கான் பசை இன்னும் காயவில்லை. வீடு முழுக்கப் புளித்த வாடை. ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் இது திறக்கிற ஜன்னல் இல்லை. திறக்கிற மாதிரி வைத்தால் குரங்கு வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலூரில் ஏதோ ஒரு ஏசி போட்ட கடையில் இரண்டு கண்ணாடி சேர்த்துப் போட்ட ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "நடுவுல காத்து நிக்கும். காவலூர் குளுரு உள்ளயே வராது" என்று எனக்குப் பாடம் வேறு. கடையில் செய்தால் காசு என்று நீங்களே செய்தீர்கள். அதுவும் ஐப்பசித் தூறலில்! "மரச்சட்டம் காயட்டுங்க, ரெண்டு நாள் வெயில் வரட்டும்" என்றேன். கேட்டால்தானே? ஈரத்தை நடுவில் வைத்தே இரண்டு கண்ணாடியையும் மூடினீர்கள். கண்ணாடியைப் பிடிக்க ஓரத்தில் அப்பிய மக்கைக் குரங்கு பிய்த்துவிடும் என்று சுற்றிலும் சிமெண்டையும் பூசி, சுவரோடு சுவராக ஆக்கிவிட்டீர்கள்.

பூச்செல்லாம் இறுகிய பிறகுதான் கவனித்தோம். உள்பக்கக் கண்ணாடியில், ஆனால் நாம் தொட முடியாத அந்தப் பக்கத்தில், மக்கு எண்ணெயோடு உங்கள் வலது கை பதிந்திருந்தது. மாவு மெஷினில் பாதி போன மோதிர விரல் உட்பட. பனி நாளில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெள்ளையாக மூடிக்கொள்ளும். கை மட்டும் பளிச்சென்று தெரியும்.

"கைய எங்க வெச்சிக்கீறீங்க பாருங்க. எந்தப் பக்கம் தொடச்சாலும் போவல" என்பேன் தினமும்.

"கெடக்கட்டும் வுடு. வூட்ல ஆளு கீறான்னு தெரியட்டும்" என்பீர்கள், டீயை உறிஞ்சிக்கொண்டே.

வருஷம் ஆக ஆக மூட்டம் கூடியது. எதிரே மலைப்பாதை வளைவில் பஸ் திரும்புவது மங்கலாகத் தெரிந்ததால் என் கண்ணில்தான் கோளாறு என்று ஆலங்காயம் கண் முகாமுக்கே போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம். இந்த மழைக்கு முன்னால் ஒரு குரங்கு குதித்து வெளிக் கண்ணாடி விரிசல் விட்டது. மழை பிடித்ததும் தண்ணீர் இறங்கிக் கீழே வைத்திருந்த சாமை மூட்டை நனைந்து முளைவிட்டது. பெங்களூரிலிருந்து பையன், "பிளைவுட் அடிச்சி மூடிடும்மா" என்றான். மூடிவிட்டு நான் எதைப் பார்ப்பது?

வாணியம்பாடிக் கண்ணாடிக் கடைக்காரர் ஆயிரத்து இருநூறு என்றார். பரவாயில்லையே என்று நினைப்பதற்குள், "மலைக்கு ஏத்தணும்னா வண்டி ரெண்டாயிரத்து ஐநூறும்மா. வழியில ஒடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றார். பஸ்ஸில் கொண்டுவரக் கண்டக்டரிடம் கெஞ்சினேன். "யாராச்சும் கைய கிழிச்சிக்கினா என் வேல பூடும்மா" என்று இறக்கிவிட்டார். வண்டி பிடித்தேன். நாலாவது வளைவில் கண்ணாடி இரண்டாகப் போனது. மறுபடி கண்ணாடி, மறுபடி வண்டி. உங்கள் சிமெண்டை உடைக்கக் கொத்தனார் கூலி, அவர் உடைத்த சுவரைப் பூச இன்னொரு நாள் கூலி. கடையில் செய்து வாங்கியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. இதை உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

உள் கண்ணாடியையும் எடுத்தால்தான் புதுசு உட்காரும் என்றார் கொத்தனார். "அத மட்டும் ஒடைக்காம எடுத்துக் குடுங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. செத்துப்போன புருஷனின் கைரேகைக்காக என்று அந்நிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

நல்ல மனிதர். அரை நாள் உட்கார்ந்து, உளியால் சுரண்டிச் சுரண்டி, ஒரு கீறல் விழாமல் எடுத்தார். நான் டீ போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கையில் மண்ணெண்ணெய்த் துணி.

"பாருங்கம்மா, ஒரே அழுக்கு. ஏதோ கை வேற பட்டிருந்திச்சி. சுத்தமா தொடச்சிட்டேன்."

டீயைக் கொடுத்தேன். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. அவர் போன பிறகு அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வாயால் ஊதியும் பார்த்தேன். பாதி விரல்கூடத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை டீயோடு ஜன்னலுக்கு வந்தேன். வளைவில் பஸ் திரும்புவது, அதன் முகப்பில் கட்டிய எலுமிச்சம்பழம் வரைக்கும் தெரிந்தது. பழக்கத்தில், "கைய எங்க வெச்சிக்கீறீங்க பாருங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.