ஆயில் இறக்கிய வண்டி

கடலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கரையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலி எப்படி என்று கேட்டேன், பதில் வந்தது. கப்பலில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன், அதற்கும் வந்தது. நம் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன், அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் பட மாட்டேன் என்கிறது. கம்பெனி ஆபீசில் கடிதத்தை மெயிலில் ஏற்றும்போது அதை மட்டும் வெட்டிவிட்டா உங்களுக்கு அனுப்புகிறார்கள்? படித்திருப்பீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பழைய விமான ஓடுதளத்தில் வளையமாக வழி அமைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் பெயர் கொடுத்துவிட்டாள். நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். தோளுக்கு மிஞ்சினால் தோழி. அதோடு, பந்தயத்துக்குப் போவதாக இருந்தால் என்னிடம் பேசாதே என்று அவளிடம் சொன்னது நீங்கள். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள், நான் என்ன செய்ய?

எனக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை ஒரு ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு சின்னப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் ஓடி வருகிறாள். கூட வரும் ஆயாம்மா என்னைப் பிடித்த பிடியில் பஸ்ஸில் இருந்த பிள்ளைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டன.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் டப்பாவில் இருக்கும் எண்களை நான் இப்போதுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். முதல் எண் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வண்டியோடு வந்த கையேட்டில் 5W-30 என்று இருக்கிறது. அது அப்பா பிரிப்பதற்கு முன்னால் இருந்த இன்ஜினுக்கு என்கிறாள் மகள். உங்கள் தம்பியின் பந்தய விபத்துக்குப் பிறகு நீங்கள் அதை மறுபடி கட்டியபோது, இனி ஒருநாளும் இறுகிப் பிடிக்கக் கூடாது என்று பேரிங்கில் இடைவெளியைக் கூட்டிவிட்டீர்களாம். அந்த இடைவெளியில் மெல்லிய ஆயில் நிற்காமல் ஓடிவிடுமாம். எங்கள் ஒர்க்‌ஷாப்காரர் 20W-50 ஊற்றம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவ்வளவு கெட்டியாக ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரமாகும், அதற்குள் உள்ளே தேய்ந்துவிடும் என்று மகள் அவரோடு சண்டை போடுகிறாள். நடுவில் 10W-40, 10W-50, 10W-60 என்று ஒரு கூட்டம். எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்துவிடலாம். அளக்க வேண்டுமென்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும், அதற்கு நாள் இல்லை. கட்டியவரைக் கேட்கலாம். அவர் கடலில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை 10W-40 ஊற்றி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்துவிடுகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆயில் பிரஷர் ஊசி மெல்ல இறங்க ஆரம்பித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சித்தப்பாவுக்கு போன் செய்தாள்.

உங்கள் தம்பி டயர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்தார். ஊசி எப்போது இறங்கியது, நீ என்ன செய்தாய் என்று கேட்டார். இறங்கினதும் காலை எடுத்துட்டேன் சித்தப்பா, வேற என்ன செய்வாங்க என்றாள். அவர் கயிற்றை எடுத்து வண்டியைக் கட்டினார். வீட்டுக்கு வந்து, வண்டியை ஷெட்டில் தள்ளிவிட்டு, ஊன்றி நடக்கும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

விபத்து நடந்த அன்று பந்தயத்தில், ஆயில் பிரஷர் இறங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததாம். பார்த்தாராம். முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்ததாம், அதைப் பிடித்துவிடலாம் என்று காலை எடுக்கவில்லையாம். விளக்கு எரிந்துகொண்டே முழுதாக ஒரு சுற்று வந்திருக்கிறார். அதற்கு அடுத்த திருப்பத்தில்தான் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு வண்டி கைமீறியது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மெல்லிசு ஆயிலை நான்தாண்டா ஊத்தினேன் என்று அழுதீர்களே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை என்றார். பிறகு நீங்கள் இரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்து அந்த இன்ஜினைக் கட்டினீர்கள். கட்டி முடித்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கப்பலுக்குப் போனீர்கள். அவ்வளவையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தடியை எடுத்து அவரையே நாலு போடலாமா என்று இருந்தது எனக்கு. அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நானும் அழுதேன். நீங்களே எழுதிடுங்க அண்ணி, எனக்குக் கை ஓடாது என்றார். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஊற்றியது சரியான ஆயிலா, தவறான ஆயிலா, அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் விளக்கு எரிந்தது. காலை எடுக்க நேரம் இருந்தது. இந்த இரண்டும் தெரியும். இத்தனை வருஷம் நீங்கள் தனியாகச் சுமந்தது உங்கள் பாரம் மட்டும் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் நிறைய உண்டு, ஆனால் இதில் இல்லை.

சித்தப்பா போன பிறகு மகள் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் முழுவதையும் இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து வண்டி ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் நிற்கிறது. மேஜையில் புது டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றையும் திறக்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். உங்க அப்பாவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: உனக்குச் சொல்ல வேண்டாம்மா, எனக்குச் சொல்லட்டும். எந்த நம்பருன்னாவது சொல்லட்டும், போகாதேன்னாவது சொல்லட்டும். எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன். என்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.

போகாதே என்றால் போக மாட்டாளாம். அவளைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது. ஆனாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினைக் கட்டியவர் நீங்கள், பெண்ணைப் பெற்றவரும் நீங்கள். யோசித்துச் சொல்லுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

கேப்டனிடம் கேட்டு, கப்பல் போனிலிருந்து சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவளைக் கூப்பிடுங்கள். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவள் போனை எடுத்ததும் உடனே பேச மாட்டாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி