வடக்குத்து வழியாகப் போகும் காலி பஸ்

நெய்வேலி, வட்டம் 9,
25.8.1985

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு, மகள் தமயந்தி வணங்கி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். ஜெர்மனியில் உங்கள் மெஷின் பயிற்சி எப்படிப் போகிறது? மூன்று வேளையும் ரொட்டிதான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று அம்மா சரியாகவே சாப்பிடவில்லை. பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறோம்.

சர்வதேச இளைஞர் ஆண்டை முன்னிட்டு அதிகாரிகள் மாணவர்களிடம் யோசனை கேட்கப் போகிறார்கள், எங்கள் பள்ளி மாணவர் குழுவின் சார்பில் நான்தான் பேசப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை அது நடந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

குழுவில் நாங்கள் ஆறு பேர். தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று வீட்டுக்கொரு பேச்சு. சண்டையை எந்த மொழியில் போடுவது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆனாலும் நான்கு கூட்டம் போட்டு யோசனைகளை முடிவு செய்தோம். எல்லா மொழிப் புத்தகங்களும் நூலகத்துக்கு வேண்டும் என்பது வங்காளத்து அஞ்சனாவின் யோசனை. கிராமத்துப் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் வேண்டும் என்பது என்னுடையது. மூன்று பக்கம் எழுதினேன். குழுவுக்குப் பொறுப்பான குஞ்சிதபாதம் சார் ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கலியம்மாளை மனதில் வைத்துத்தான் அதை எழுதினேன். அவள் அப்பாவுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. வடக்குத்து கிராமத்திலிருந்து நடந்தே வருவதால் தினமும் தாமதமாகி, முதல் பீரியட் முழுக்க வாசலில் நிற்பாள். கணக்குப் பாடம் அந்த நேரத்தில்தான். அரையாண்டில் ஃபெயிலானால் முந்திரித் தோப்பு வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த மூன்று பக்கத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

“ஆஸ்டலா? யாருடி கேட்டா? நான் அங்க போயி குந்திக்கினு இருந்தா எங்க வூட்டு மாட்ட உங்கப்பாவா வந்து கறப்பாரு?” என்றாள். (மன்னித்துவிடுங்கள் அப்பா, அப்படியேதான் சொன்னாள்.) “நைட் ஷிப்டு ஆளுங்கள வடலூர்ல எறக்கிவுட்டுட்டு எட்டரைக்கு உங்க பஸ்சு எங்க ஊரு வழியாத்தான் திரும்புது. உள்ள ஒரு ஆளு கெடையாது. டிரைவரு மட்டும் ராஜா மாரி போறாரு. அது நின்னா போதும்.”

அந்த பஸ் டவுன்ஷிப்புக்குள் வந்ததும் உங்கள் கம்பெனி பாஸில் ஏறி எத்தனை வருடமாகப் பள்ளிக்குப் போகிறேன்! அவள் நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையும் ஆட்டியிருக்கிறேன். நான்கு கூட்டத்தில் ஐந்து மொழியில் பேசிய எங்களில் ஒருவருக்கும் நடந்து வருகிறவளைக் கேட்கத் தோன்றவில்லை.

பஸ் விஷயத்தை நானே பேசியிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை குழுக் கூட்டத்தில், எனக்குப் பதிலாகக் கலியம்மாள் பேசட்டும் என்றேன். உனக்கு வருத்தம் இல்லையே என்று சார் கேட்டார். இல்லை என்றேன். அது கொஞ்சம் பொய்.

வெள்ளிக்கிழமை சப்-கலெக்டர் அம்மாவும் கம்பெனியின் பஸ் பொறுப்பு அதிகாரியும் வந்திருந்தார்கள். “மதிப்பிற்குரிய பெரியோர்களே” என்று நான் எழுதிக் கொடுத்ததைக் கலியம்மாள் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“வணக்கங்கம்மா. நான் தெனம் மூணு மைலு நடக்கறேங்க. பக்கத்துலயே காலி பஸ்சு போவுதுங்க. அது நின்னா நாங்க படிச்சிடுவோங்க.”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். காலியாகவா போகிறது என்று சப்-கலெக்டர் அம்மா கேட்டார். ஆமாம், ஆனால் பாஸ் இல்லாதவர்களை ஏற்ற விதி இல்லை என்றார் அதிகாரி. கலியம்மாள் மறுபடி எழுந்தாள். “அப்ப பாஸ் குடுத்துடுங்களேன் சார்!”

சபையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். செப்டம்பர் முதல் மூன்று மாதத்துக்கு வடக்குத்துப் பிள்ளைகளுக்குப் பாஸ் கொடுத்துப் பார்ப்பது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இனி கலியம்மாளையும் சேர்த்துக் குழுவில் நாங்கள் ஏழு பேர். அஞ்சனா அழுதேவிட்டாள். எனக்குக் கைதட்டிக் கை எரிந்தது. நான் பேசியிருந்தால் இத்தனை பெருமையாக இருந்திருக்குமா, தெரியவில்லை.

மகள் பேசப் போகிறாள் என்று அங்கே கூட இருப்பவர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அவள் பேசவில்லை என்று இப்போது சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் இதைப் படித்துக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த பஸ் நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள் அப்பா. அதை மட்டும் அம்மாவின் கடிதத்தில் சேர்க்காமல், என் பெயருக்குத் தனியாக அனுப்புங்கள்.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
தமயந்தி